முதல் சிங்கிளுக்கு முன்னால்

சுற்றறிக்கை எழுதுகிறவர்களுக்கும் ஒட்டுகிறவர்களுக்கும் சின்ன காஞ்சிபுரத்திலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அரசுப் போக்குவரத்துக் கழக அலுவலர்களே,



நான் உங்கள் ஊழியன் இல்லை; பயணி. சின்ன காஞ்சிபுரத்தில் தறிக்காரர் வீட்டில் பிறந்து, தறியில் உட்காராமல் வெளியூர் வேலைக்குப் போய், முப்பது வருஷத்துக்கு மேலாக ரங்கசாமிகுளத்தில் வண்டி ஏறி இறங்குகிறவன். நடத்துநர் சீட்டுக்குப் பக்கத்து சீட் கிடைத்தால் விடமாட்டேன். அங்கே உட்கார்ந்தவனுக்கு ஊர்ச் சேதியும் காதில் விழும், டெப்போ சேதியும் காதில் விழும். அப்படிக் காதில் விழுந்ததை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

உங்களில் பல நிலை உண்டு. தலைமை அலுவலகத்தில் உத்தரவு தயாரிக்கிறவர், மண்டல அலுவலகத்தில் அதைப் பணிமனைகளுக்கு அனுப்புகிறவர், கிளை மேலாளர், டெப்போ பலகையில் அதைக் குண்டூசியால் குத்தி வைக்கிறவர். எல்லோருக்கும் சேர்த்து என்னிடம் ஒரே வேண்டுகோள்தான். ஒரு விதி மாறினால், மாறிய நாளின் முதல் சிங்கிள், அதாவது முதல் நடை, கிளம்புவதற்கு முன்னால் அது நடத்துநருக்கும் ஓட்டுநருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பயணி கேள்வி கேட்டு, அதிலிருந்து அவர்கள் தெரிந்துகொள்ளும்படி ஆகக் கூடாது.

எங்கள் ஊர்க் கதை ஒன்றைச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். திருவெஃகாவில் பள்ளிகொண்டிருக்கும் பெருமாளுக்குச் சொன்ன வண்ணம் செய்த பெருமாள் என்று பெயர். திருமழிசையாழ்வாரின் சீடர் கணிகண்ணன் தன்னைப் பாட மறுத்துவிட்டார் என்று பல்லவ ராஜா அவரை ஊரைவிட்டுப் போகச் சொன்னான். சீடர் கிளம்ப, குருவும் கிளம்பினார். கிளம்புகிறவர் கோயிலுக்குள் போய்ப் பெருமாளிடமும் சொன்னார். பெருமாள் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே நடந்துவிட்டார். மூவரும் அன்று ராத்திரி தங்கிய இடம் ஓர் இரவு இருக்கை. அதுதான் தேய்ந்து ஓரிக்கை ஆயிற்று என்பார்கள். இன்றைக்கு ஓரிக்கையில் உங்கள் பணிமனை இருக்கிறது. பெருமாளே நைட் ஹால்ட் போட்ட ஊரில் டெப்போ வந்தது பொருத்தம்தான்.

ராஜா மனம் மாறிக் கெஞ்சியபோது ஆழ்வார் மறுபடி சொன்னார். பெருமாள் திரும்பி வந்து படுக்கையை விரித்தார். போய் வந்ததற்கு அடையாளமாக மாற்றிப் படுத்தார் என்பது ஐதீகம். உபன்யாசம் செய்கிறவர்கள் இதில் பெருமாளின் எளிமையைச் சொல்வார்கள். பஸ்ஸில் போகிறவன் கண்ணுக்கு வேறொன்று தெரிகிறது. சொன்ன வண்ணம் செய்யவேண்டும் என்றால் முதலில் யாராவது சொல்ல வேண்டும். ஆழ்வார் நேரில் போய்ச் சொன்னார். கிளம்புவதற்கு முன் சொன்னார். யார் போகிறார்கள், கேட்பவர் என்ன செய்ய வேண்டும் என்பதை ஒரு வெண்பாவின் நாலு அடியில் சொன்னார். உத்தரவு ரத்தானபோது அதே வெண்பாவில் மாறவேண்டிய சொற்களை மட்டும் மாற்றி மறுபடி பாடினார். திருத்தச் சுற்றறிக்கைக்கு இதைவிட நல்ல மாதிரி எனக்குத் தெரியாது.

கழகத்துக்கு வரும் பெரிய மாற்றங்கள் அநேகமாக ராத்திரியில்தான் வருகின்றன. 2011 நவம்பர் 17 அன்று அறிவித்த கட்டண உயர்வு மறுநாளே நடைமுறைக்கு வந்தது. 2018 ஜனவரி 19 அன்று அறிவித்தது 20ஆம் தேதி காலையில் வண்டி ஏறிவிட்டது. சாதாரணப் பேருந்தில் கிலோமீட்டருக்கு 42 காசாக இருந்தது 60 காசு ஆயிற்று. மாணவர்கள் மறியல் செய்தார்கள், கட்சிகள் போராடின. 29ஆம் தேதி அது 58 காசாக இறங்கியது. பதினோரு நாளுக்குள் மூன்று கட்டணப் பட்டியல். கோட்டையில் அது கொள்கை முடிவு. வண்டியில் அது, ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் மனக்கணக்கு.

இப்போது ஒரு நைட் ஹால்ட் வண்டியை நினைத்துப் பாருங்கள். மத்தியானம் டெப்போவைவிட்டுக் கிளம்பிய வண்டி. ராத்திரி கடைசி ட்ரிப் முடித்து ஏதோ ஒரு கிராமத்துப் பிள்ளையார் கோயில் ஓரம் நிற்கிறது. ஓட்டுநர் பின் சீட்டில் துண்டு விரித்துப் படுத்துவிட்டார். நடத்துநர் கலெக்ஷனை எண்ணி, வேபில்லை முடித்து, பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு தூங்குகிறார். அதே நேரத்தில் ஊருக்குள் எல்லா வீட்டு டிவியிலும் நாளை முதல் புதுக் கட்டணம் என்று ஓடிக்கொண்டிருக்கிறது. டெப்போ பலகையில் உங்கள் சுற்றறிக்கையும் ஏறிவிட்டது. பலகை இருக்கும் இடத்துக்கு இந்த நடத்துநர் வந்து சேர நாளை மத்தியானம் ஆகும். விடிகாலை நாலரைக்கு முதல் சிங்கிள். கீரைக்கட்டோடு ஏறுகிற அம்மா கேட்கிறார்: “இன்னிலேர்ந்து எவ்ளோ கண்டக்டர்?” அந்த வண்டியில் அந்தக் கேள்விக்குப் பதில் தெரியவேண்டிய ஒரே ஆள் நடத்துநர். தெரியாத ஒரே ஆளும் அவர்தான்.

2016 நவம்பர் 8 ராத்திரி இதைவிடப் பெரிய குழப்பம். 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று பிரதமர் அறிவித்தார். விதிவிலக்குப் பட்டியலில் அரசுப் பேருந்து டிக்கெட் கவுன்டர்களும் இருந்தன. நகரப் பேருந்துக்கு ஏது கவுன்டர்? தோளில் பையோடு நிற்கும் நடத்துநர் கவுன்டரா, இல்லையா? டெல்லியில் ஒரு சொல்லை எழுதியவருக்கு இந்தக் கேள்வி தோன்றியிருக்காது. விதிவிலக்கு முதலில் 11ஆம் தேதி வரை என்றார்கள், பிறகு 14 என்றார்கள், பிறகு 24 என்றார்கள். அதன்பிறகு 500 மட்டும் டிசம்பர் 15 வரை என்றார்கள். கடைசியில் பேருந்துக்கும் ரயிலுக்கும் டிசம்பர் 10 முதலே கிடையாது என்று முன்னால் இழுத்தார்கள். ஒரே மாதத்தில் ஒரே கேள்விக்கு ஐந்து பதில். எது கடைசிப் பதில் என்று தெரியாத நடத்துநர், வாங்கினாலும் மாட்டிக்கொள்வார், வாங்காவிட்டாலும் மாட்டிக்கொள்வார்.

நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். எந்தத் தடம், எந்த வண்டி, தனியாரா அரசா என்றுகூடச் சொல்லப் போவதில்லை; அந்த நடத்துநர் நல்ல பையன். தறிக்குத் தார் சுற்றும் வேலைக்குப் போகிற ஓர் ஆயா பத்து ரூபாய் நாணயத்தை நீட்டினார்.

“இது வேணாம் ஆயா. நோட்டா குடு.”

“ஏம்பா, இதுவும் காசுதானே?”

“காசுதான். யாரும் வாங்க மாட்றாங்க ஆயா. நான் கொண்டுபோய் என்ன பண்றது?”

“ஆபீசுல வேணாம்னு சொன்னாங்களா?”

பையன் டிக்கெட்டைக் கிழிக்காமல் ஒரு நிமிஷம் நின்றான். “வேணாம்னும் சொல்லல, வாங்குன்னும் சொல்லல.”

ஆயா முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சில்லறை தேடினார். நான் ஒரு நோட்டைக் கொடுத்து அந்த நாணயத்தை வாங்கிக்கொண்டேன். அந்தப் பையன் சொன்ன பதில் மட்டும் இன்றுவரை காதிலேயே இருக்கிறது. பத்து ரூபாய் நாணயத்தின் 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிவித்தது. அறிவிப்பு உண்டு, சட்டம் உண்டு. அந்தப் படிக்கட்டில் நின்ற பையனுக்கு அவன் மேலதிகாரி வாயிலிருந்து ஒரு வரி மட்டும் கிடைக்கவில்லை: “வாங்கு. கேஷியர் உன்னிடம் வாங்கிக்கொள்வார்.” இரண்டாவது பாதிதான் முக்கியம். ரிசர்வ் வங்கி சொன்னதை நம்பி வாங்குவான். டெப்போ வாங்குமா என்று தெரியாமல் எப்படி வாங்குவான்?

அடுத்தது 2021. மே 7 அன்று முதலமைச்சர் பதவியேற்றுக் கையெழுத்திட்ட முதல் உத்தரவுகளில் மகளிர் கட்டணமில்லாப் பயணமும் ஒன்று. மறுநாள் 8ஆம் தேதியே நடைமுறை. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் எல்லா மகளிரும் பயண அட்டைகூட இல்லாமல் போகலாம். வாசகம் தெளிவாகத்தான் இருந்தது. ஆனால், நிறுத்தத்தில் கை காட்டுகிற அம்மாவுக்கு வண்டி என்றால் வண்டிதான். இது சாதாரணக் கட்டண நகரப் பேருந்து, பின்னால் வருவது எக்ஸ்பிரஸ் என்று பிரித்துச் சொல்லவேண்டிய வேலை நடத்துநர் தலையில் விழுந்தது. அதுவும் எரிச்சல் படாமல், ஓசிக்கு வந்தவர் என்று முகத்தில் காட்டாமல்.

அந்த முறை ஒரு வாய்ப்பும் கிடைத்தது. மே 10 முதல் கொரோனா முழு ஊரடங்கு, வண்டிகள் நின்றன. நம் மாவட்டத்தில் ஜூன் 21 அன்றுதான் பாதி இருக்கைகளோடு மறுபடி ஓடின. இடையில் திருநங்கையருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும், அவர்களுக்குத் துணையாக வருகிறவருக்கும் சலுகை விரிந்தது. ஆறு வாரம் வண்டி ஓடாத காலம் போதிப்பதற்குப் பொன்னான காலம். அப்படி ஓர் இடைவெளி இனிமேல் கிடைக்காது, கிடைக்கவும் வேண்டாம். 2022இல் சென்னையில் கட்டணமில்லா வண்டிகளின் முகத்துக்கும் முதுகுக்கும் இளஞ்சிவப்பு வர்ணம் அடித்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் தூரத்திலிருந்தே புரிந்துகொண்டார். பத்துச் சுற்றறிக்கை செய்யாததை ஒரு டப்பா பெயின்ட் செய்தது. சேதியை, அது தேவைப்படுகிற இடத்தில், தேவைப்படுகிற கண்ணுக்கு முன்னால் வைத்ததுதான் அதன் சாமர்த்தியம்.

உங்களிடம் வேகமாக ஓடும் காகிதமும் ஒன்று உண்டு. 2021 டிசம்பரில் குளச்சல் பேருந்து நிலையத்தில் மீன் விற்கும் மூதாட்டி ஒருவரை வண்டியிலிருந்து இறக்கிவிட்டார்கள் என்று வீடியோ பரவியது. ஓட்டுநர், நடத்துநர், நேரக் காப்பாளர் மூவரும் உடனே பணியிடை நீக்கம் ஆனார்கள். நடந்தது தவறு, அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். பயணியை எப்படி நடத்தவேண்டும் என்ற பாடம் ஊழியருக்குப் போய்ச் சேர எத்தனை வருஷம் ஆகிறது, சஸ்பெண்ட் ஆர்டர் போய்ச் சேர எத்தனை மணி நேரம் ஆகிறது? தண்டனைக்குத் தெரிந்த குறுக்கு வழி போதனைக்கும் தெரிந்திருக்க வேண்டாமா?

பயிற்சியே இல்லை என்று நான் சொல்லவில்லை. தரமணியில் சாலைப் போக்குவரத்து நிறுவனம் இருக்கிறது, கும்மிடிப்பூண்டியில் ஓட்டுநர் பயிற்சி நடக்கிறது, புனேயில் மத்திய நிறுவனம் இருக்கிறது. 2025இல் ஓட்டுநர் உடன் நடத்துநர் என்று 3,274 இடங்களுக்கு அறிவிப்பு வந்தது. அப்படி வருகிறவர்கள் இரண்டு வேலையும் கற்க வேண்டும். வேலையில் சேரும்போது கற்றுக்கொடுப்பது பாவு ஓட்டுவது மாதிரி. நீளமாக, ஒரே தடவையாக ஓட்டிவிடலாம். சேலை அதோடு முடிந்துவிடுவதில்லை. குறுக்கே ஒவ்வொரு ஊடையாக விழவேண்டும். விதி மாற்றங்களும் அப்படித்தான், ஒவ்வொன்றாகப் போய்ச் சேரவேண்டும்.

அப்பாவின் தறிமேல் ஜக்கார்டு பெட்டி இருந்தது. அதில் ஓட்டை போட்ட அட்டைகள் மாலை மாதிரி கோத்துத் தொங்கும். மிதியை மிதித்தால் ஓர் அட்டை திரும்பும். இந்த ஓர் ஊடைக்கு எந்த இழை எழும்ப வேண்டும், எது அடங்க வேண்டும் என்பது மட்டும் அதில் இருக்கும். மயிலின் கொண்டை எப்போது வரும், முந்தானை எப்போது தொடங்கும் என்பதெல்லாம் அந்த அட்டைக்குத் தெரியாது, தெரியவேண்டியதும் இல்லை. முழுச் சேலையின் டிசைனையும் ஒரே தாளில் எழுதித் தறிமேல் ஒட்டிவைத்தால் ஒரு மயிலும் வராது. சின்ன வயசில் கோர்வைச் சேலைக்கு நான் கரைப் பக்கம் உட்கார்ந்து நாடா தள்ளியிருக்கிறேன். நிறம் மாறும் இடம் வந்தால் அப்பா “மாத்து” என்பார், ஊடை விழுவதற்கு முன். ஒரு விரற்கடை நெய்தபிறகு சொன்னால் பிரித்துத்தான் நெய்யவேண்டும். அன்றைய கூலியில் பாதி பிரிப்பதிலேயே போகும்.

வேலை தொடங்குமுன், அந்த வேலைக்கு வேண்டியதை மட்டும் சொல்லிவிடுவதை ரயில்வேக்காரர்கள் வெகுகாலமாகத் தெரிந்துவைத்திருக்கிறார்கள். செங்கல்பட்டு அரக்கோணம் தடத்தில் நம் ஊர் வழியாகப் போகிற ரயிலாகட்டும், டெல்லி போகிற ரயிலாகட்டும், ஓட்டுநர் கையில் எச்சரிக்கை ஆணை என்று ஒரு தாள் போகும். எந்தக் கிலோமீட்டரிலிருந்து எந்தக் கிலோமீட்டர் வரை, என்ன வேகம் என்பதுதான் அதில் முக்கியம். போகப் போகிற பாதைக்கு மட்டுமானது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளாமல் வண்டி நகராது. பணிக்கு வரும்போதே புதிய பாதுகாப்புச் சுற்றறிக்கைகளைப் படித்தேன் என்று பதிவு செய்ய வேண்டும்.

ஜப்பானில் பேருந்துகளுக்கே இது சட்டம். தென்கோ என்பார்கள். வண்டி எடுக்குமுன் மேற்பார்வையாளர் ஓட்டுநரைப் பொதுவாக எதிரெதிரே நிறுத்திப் பேச வேண்டும். குடித்திருக்கிறாரா, உடம்பு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார். அன்றைய பாதையில் என்ன மாற்றம், வானிலை எப்படி என்று சொல்வார். அதை வெறும் சடங்காக்கினால் என்ன ஆகும் என்பதையும் அவர்கள் பார்த்துவிட்டார்கள். 2016 ஜனவரியில் கருயிசாவாவில் சுற்றுலாப் பேருந்து மலைச்சாலையில் கவிழ்ந்து 15 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகள். ஓட்டுநருக்குப் பெரிய பேருந்தில் போதிய பழக்கம் இல்லை, அந்த நிறுவனம் தென்கோவை ஒழுங்காக நடத்தவும் இல்லை என்பது விசாரணையில் தெரிந்தது. காகிதத்தில் இருக்கும் முத்திரை வண்டியை ஓட்டாது.

இனி, என் வேண்டுகோளை நிறைவேற்றும் வழிகள். காசு அதிகம் கேட்பவை இல்லை.

முதலாவது, மொழி. பலகைகளில் நான் எட்டிப் பார்த்தவரை சுற்றறிக்கையின் நடை இப்படி இருக்கும்: “மேற்காண் பொருள் தொடர்பாக, பார்வையில் காணும் கடிதத்தின்பால் தங்கள் கவனம் ஈர்க்கப்படுகிறது. அதன்படி உரிய நடவடிக்கை மேற்கொள்ளுமாறு அனைத்துப் பணியாளர்களும் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். இதில் சுணக்கம் காணப்படின் சம்பந்தப்பட்டவர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்படும்.” இதில் சட்டென்று புரிவது கடைசி வாக்கியம் மட்டும்தான். எங்கள் ஊர்த் திருவிழாவான வைகாசி கருட சேவைக்கு நானே ஒரு சுற்றறிக்கை எழுதிப் பார்த்தேன். இடத்தையும் எண்ணையும் நீங்கள் நிரப்பிக்கொள்ளுங்கள்:

“நாளை கருட சேவை. முதல் வண்டியிலிருந்து சாமி கோயிலுக்குத் திரும்பும் வரை.
வாலாஜாபாத் பக்கமிருந்து வரும் வண்டிகள் சின்ன காஞ்சிபுரத்துக்குள் போகாது. இந்த வழியாகத் திரும்பி, இந்த இடத்தில் நிற்கும்.
பயணி கேட்டால்: ‘கோயிலுக்கு இங்கேயே இறங்கிக்குங்க. திரும்பிப் போறதுக்கும் வண்டி இதே இடத்துலதான்.’
சந்தேகமா? இந்த எண்ணுக்குப் பேசுங்கள். ராத்திரியானாலும் எடுப்போம்.”

என்ன மாறியது, எப்போதிலிருந்து, கேட்டால் என்ன சொல்வது, தெரியாவிட்டால் யாரைக் கேட்பது. சட்டைப்பையில் மடித்து வைக்கிற அளவுக்கு மேல் போனால் அது வேறு யாருக்கோ எழுதியது.

இரண்டாவது, நேரம். நடத்துநர் டூட்டிக்கு வந்து டிக்கெட் மிஷினையும் வேபில்லையும் வாங்குகிற அந்த ஐந்து நிமிஷம் உங்களிடம் இருக்கிறது. மிஷின் கொடுக்கிறவர் வாயால் சொல்லிக் கொடுக்கட்டும். கட்டணம் மாறினால் மிஷினுக்குள் ஏற்றிவிடுகிறீர்கள். மிஷினுக்குத் தெரிந்தது அதைத் தூக்கிக்கொண்டு போகிற மனுஷனுக்கும் தெரியட்டும். ஓட்டுநரையும் விட்டுவிடாதீர்கள். பாதை மாறினால் ஸ்டீயரிங் பிடிப்பவர் அவர்.

மூன்றாவது, நைட் ஹால்ட். வெளியில் தங்கும் வண்டிகளின் பட்டியல் டெப்போவில் இருக்கிறது, எல்லோரிடமும் போன் இருக்கிறது. ராத்திரி உத்தரவு வந்தால் டூட்டியில் இருக்கும் எழுத்தர் அந்தப் பட்டியலை எடுத்து ஒவ்வொருவராகக் கூப்பிடட்டும். வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டோம் என்பது போதாது. அங்கே போன வருஷத்து உத்தரவும், யாரோ கிளப்பிய புரளியும், காலை வணக்கப் பூவும் ஒன்றாகக் கிடக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தேதியும் வரிசை எண்ணும் போடுங்கள். புதியது வந்தால் எந்த எண்ணுள்ள பழையது செத்துப்போயிற்று என்று முதல் வரியில் எழுதுங்கள். பலகையிலிருந்து பழையதைக் கிழியுங்கள்.

நான்காவது, திரும்பி வரும் பாதை. பதில் தெரியாமல் நின்ற கேள்வியை நடத்துநர் எழுதிவைக்க டெப்போவில் ஒரு நோட்டு வையுங்கள். பத்து ரூபாய் நாணயமும் ‘நான் கவுன்டரா’ என்பதும் அதில் முதல் நாளே ஏறியிருக்கும். மறுநாள் டூட்டிக்கு வருவதற்குள் பதில் எழுதிக் கையெழுத்திடுங்கள். சுற்றறிக்கை எழுதுகிறவர் மாதத்தில் ஒரு நாள் அந்த நோட்டைப் படித்தால், அடுத்ததை வேறு மாதிரி எழுதுவார்.

ஐந்தாவது, நியாயம். ஒரு விதி தனக்குச் சொல்லப்படவில்லை என்று ஊழியர் சொன்னால், சொன்னோம் என்று காட்டவேண்டிய பொறுப்பு உங்களுடையது. அதைக் காட்ட முடியாதபோது செக்கிங் மெமோ எழுத வேண்டாம். அங்கேயே சொல்லிக்கொடுத்துவிட்டுப் பரிசோதகர் இறங்கட்டும்.

கடைசியாக ஒன்று. இது எங்கள் ஊருக்கே உரியது.

2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள் அத்திவரதர் வைபவம். நாற்பது வருஷத்துக்கு ஒருமுறை வெளியே வரும் அந்தப் பெருமாள், 1979க்குப் பிறகு அப்போதுதான் அனந்தசரஸ் குளத்திலிருந்து வெளியே வந்தார். ஜூலை முழுக்கச் சயனக் கோலம், ஆகஸ்டில் நின்ற கோலம். ஒரு கோடிப் பேருக்கு மேல் வந்தார்கள் என்பது அரசுக் கணக்கு. எங்கள் தெருவில் வீட்டு வாசலைத் திறந்தால் வரிசை நிற்கும். ஓரிக்கையிலும் ஒலிமுகமதுபேட்டையிலும் தற்காலிகப் பேருந்து நிலையங்கள் முளைத்தன. எங்கள் ஊர்ச் சந்துகளை முன்னே பின்னே பார்த்திராத ஓட்டுநர்களும் வண்டியோடு வந்தார்கள். முதல் வாரம் அவர்கள் எங்களிடம் வழி கேட்டார்கள். போகப் போக அவர்களே எங்களுக்குச் சொன்னார்கள்: எந்த நேரத்தில் எந்த முனை அடைக்கும், எங்கே இறக்கிவிட்டால் வயசானவர்கள் குறைவாக நடக்கலாம், வண்டியை எங்கே திருப்பலாம். நாற்பத்தெட்டு நாளில் தறி பழகுவது மாதிரி ஊரைப் பழகிவிட்டார்கள். பிறகு அவரவர் டெப்போவுக்குத் திரும்பிப் போனார்கள்.

நாற்பது வருஷக் கணக்குப்படி அடுத்தது 2059. 2019இல் இருபத்துநாலு வயசில் வேலையில் இருந்தவர் அறுபதில் ஓய்வு பெற்றால் 2055இல் வீட்டில் இருப்பார். 2019இல் வண்டி ஓட்டியவர்களில் ஒருவர்கூட 2059இல் பணியில் இருக்க மாட்டார். ஆனால் இன்றைக்கு நிறையப் பேர் இருக்கிறார்கள், உங்கள் டெப்போக்களிலேயே. அவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, சொல்லச் சொல்லி எழுதிவையுங்கள். எந்த முனை, எந்த நேரம், எங்கே தவறினோம், என்ன செய்த பிறகு சரியாயிற்று. அதை அவர்கள் சொல்லும் சொல்லிலேயே எழுதுங்கள், ‘பார்வையில் காணும்’ மொழிக்கு மாற்றாதீர்கள். படி ஒன்றை ஓரிக்கையில் பூட்டி வையுங்கள், இன்னொன்றை வருஷா வருஷம் கருட சேவைக்கு முந்தின நாள் எடுத்துப் பயன்படுத்துங்கள். பெட்டிக்குள் கிடக்கும் அட்டைக்குக் கறையான்தான் சேலை நெய்யும்.

2059இல் நான் இருக்க மாட்டேன். ஆனால் ரங்கசாமிகுளத்தில் யாராவது ஒரு பாட்டி வண்டி ஏறி, “அத்திவரதரைப் பார்க்க எங்க இறங்கணும் தம்பி?” என்று கேட்பார். முதல் சிங்கிளில், விடிகாலை நாலரைக்கு. 2019இல் பிறந்தேயிராத அந்த நடத்துநருக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும்.

இப்படிக்கு,
நடத்துநர் சீட்டுக்குப் பக்கத்து சீட்காரன்,
சின்ன காஞ்சிபுரம்.